மெர்சே: விலை கொடுத்து மீட்கும் பெயர்

இந்த யூபிலி மலருக்காக நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக் கொண்டிருந்தபோது, ஒரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. மெர்சி. பாட்டியின் பெயர் மெர்சி. பேத்தியின் பெயரும் மெர்சி. மெர்சி மேரி, ஜெயமெர்சி, மெர்சி ராணி என்று எத்தனையோ வடிவங்கள்! சில மாதங்களுக்கு முன் ஒரு மூதாட்டி கைக்குழந்தையோடு அறைவீட்டுக்கு வந்து, "சாமி, பேத்திக்கு மெர்சின்னு பேரு வைக்கப் போறோம். எங்க அம்மா பேரு அது. அதுக்கு என்ன சாமி அர்த்தம்?" என்று கேட்டார். "இரக்கம் என்று அர்த்தம், பாட்டியம்மா" என்று சொல்லி அனுப்பி விட்டேன்.

சொன்ன பதில் தவறன்று. ஆனால் பாதிப் பதில். அந்தப் பெயரின் அக்காள் ஒருத்தி ஐரோப்பாவில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறாள். அவள் பெயர் மெர்சே. ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள கத்தலோனியாவில், தாய்மொழியாகிய கத்தலான் மொழியில் பெண்களுக்கு வழங்கும் பெயர் அது. அந்தப் பெயரின் வரலாற்றை அறிந்தால்தான் நம் மெர்சியின் பொருளும் முழுமையாக விளங்கும். அன்று பாட்டியம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட மீதிப் பதிலை இங்கே எழுத முற்படுகிறேன்.

கூலி இரக்கமான கதை

குருமடத்தில் இலத்தீன் படித்தவர்கள் 'மெர்செஸ்' என்னும் சொல்லை அறிவார்கள். கூலி, சம்பளம், ஒரு பொருளுக்குரிய விலை என்பதே அதன் பழைய பொருள். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்று ஆண்டவர் போதித்த இடத்தில், இலத்தீன் வேதாகமத்தில் நிற்பது இந்தச் சொல்தான். வியாபாரச் சரக்கைக் குறிக்கும் 'மெர்க்ஸ்' என்னும் சொல்லுக்கு இது உறவு. ஆகவே, இச்சொல் பிறந்த இடம் கோவில் அன்று, கடைத்தெரு.

கடைத்தெருச் சொல் எப்படிக் கோவிலுக்குள் வந்தது? கிறிஸ்தவ மக்கள் மோட்சத்தில் இறைவன் அளிக்கும் சம்பாவனையை இச்சொல்லால் குறித்தார்கள். அந்தச் சம்பாவனை நம் உழைப்புக்கு ஈடான கூலி அன்று, அவரது தயவு என்று உணர்ந்தபோது, சொல்லின் பொருளும் மெல்ல மாறிற்று. கூலி என்றது கொடையாயிற்று. கொடை என்றது தயவாயிற்று. தயவு என்றது இரக்கமாயிற்று. பிரெஞ்சுக்காரர் நன்றி கூறும்போது சொல்லும் 'மெர்சி'யும், கத்தலோனியர் அதே பொருளில் சொல்லும் 'மெர்சேஸ்' என்பதும், ஆங்கிலேயரின் 'மெர்சி'யும் ஒரே வயிற்றில் பிறந்தவை. பெரியோரை விளிக்கையில் 'தங்கள் தயவு' என்ற பொருளில் ஸ்பானியர் 'வுவெஸ்த்ரா மெர்ஸேத்' என்றார்கள். கத்தலோனியர் 'வோஸ்த்ரா மெர்சே' என்றார்கள். அவையே நாளடைவில் தேய்ந்து 'உஸ்தெத்' என்றும் 'வுஸ்தே' என்றும் ஆயின. நாம் 'தாங்கள்' என்று சொல்லும் இடத்தில் இன்று அவர்கள் சொல்வது இச்சொற்களைத்தான். எதிரே நிற்கும் மனிதனை மரியாதையாக அழைக்கும் ஒவ்வொரு முறையும், தம்மை அறியாமலே அவனுடைய இரக்கத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்!

பார்சலோனாவில் ஒரு வியாபாரி

சொல் அப்படி. அது பெயரான வரலாற்றுக்குக் கத்தலோனியாவின் தலைநகரான பார்சலோனாவுக்குப் போக வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் ஆட்கொள்ளை ஓயாமல் நடந்தது. கடற்கொள்ளைக்காரர் மீன்பிடிப் படகுகளையும் வணிகக் கப்பல்களையும் மடக்கி ஆட்களைச் சிறைபிடிப்பார்கள். சில வேளை கரையோரச் சிற்றூர்களிலும் இறங்குவார்கள். பிடிபட்டவன் சந்தையில் விலையாவான். உறவினர் பணம் அனுப்பினால் திரும்புவான். இல்லையேல் அங்கேயே அடிமையாக மடிவான். கடலுக்குப் போன கணவன் கரை திரும்பாத இரவு எப்படியிருக்கும் என்பதை நம் கடலோர ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அக்காலத்தில் பார்சலோனாவில் வாழ்ந்தவர் பேதுரு நொலாஸ்கோ. அவர் குருவானவர் அல்லர், வியாபாரி. விலை பேசத் தெரிந்தவர். தம்முடைய செல்வத்தைக் கொண்டே சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்கத் தொடங்கினார். 1203-ஆம் ஆண்டு, அப்போது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த வலென்சியாவில் அவர் முதன்முதலாக ஆட்களை மீட்டார் என்பது அவரது சபையின் மரபு. சொந்தப் பணம் தீர்ந்தது, பிச்சை எடுத்தார், பிச்சையும் போதவில்லை. 1218-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் இரவில் தேவமாதா அவருக்குத் தோன்றி, இப்பணிக்கென்று ஒரு சபையை நிறுவும்படி தூண்டினார் என்று பாரம்பரியம் கூறுகிறது. அதே மாதம் 10-ஆம் தேதி, பார்சலோனா பேராலயத்தில், பத்து வயதே ஆன அரசர் முதலாம் ஜாவுமெ முன்னிலையில், ஆயர் பெரெங்கெர் தெ பலோ அவர்களின் ஆசியோடு 'மெர்சே மாதா சபை' தோன்றிற்று. பாப்பரசர் 9-ஆம் கிரகோரியார் 1235-ஆம் ஆண்டு அதனை அங்கீகரித்தார்.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் எல்லாத் துறவிகளும் எடுப்பது வழக்கம். இச்சபையாருக்கு நான்காவது ஒன்றும் உண்டு. விசுவாசத்தை இழக்கும் ஆபத்தில் உள்ள ஒரு கைதியை மீட்கப் பணம் போதாவிட்டால், அவனுக்குப் பதிலாகத் தாமே பிணையாகச் சிறையில் இருப்போம் என்பதே அது. பணம் இருக்கும் வரை பணம். பணம் தீர்ந்தால் ஆள்!

இது ஏட்டளவில் நின்ற வார்த்தைப்பாடு அன்று. 1577-ஆம் ஆண்டு அல்ஜியர்ஸ் நகருக்கு மீட்புப் பணத்தோடு சென்ற ஹோர்கே தெல் ஒலிவார் என்னும் இச்சபைத் துறவி, கைதிகளை அனுப்பிவிட்டுத் தாம் பிணையாக அங்கே தங்கினார். அவ்வாண்டு விடுதலையானவர்களில் ரொத்ரீகோ தெ செர்வான்தெஸ் என்னும் போர்வீரரும் ஒருவர். அவருடைய சகோதரர் மிகெல் இன்னும் மூன்றாண்டுகள் சிறையில் வாடி, 1580-இல் திரித்துவ சபைத் துறவிகளால் 500 பொற்காசுகளுக்கு மீட்கப்பட்டார். அந்த மிகெல்தான் பிற்காலத்தில் 'தோன் கிஹோத்தே' எழுதி உலகப் புகழ் பெற்ற செர்வான்தெஸ். ஆள்மீட்புப் பணி ஒன்று இல்லாதிருந்தால் அந்த நூலும் இல்லை.

தமிழில் 'மீட்பு' என்கிறோம். அடகு வைத்த நகையை மீட்பதற்கும் அதே சொல். ஆண்டவர் நம்மை மீட்டதற்கும் அதே சொல். அடகுக் கடைக்காரரிடம் கண்ணீர் விட்டால் நகை வருமா? முதலும் வட்டியும் எண்ணி வைத்தால்தான் வரும். இரக்கப்படுவது வேறு, மீட்பது வேறு என்பதை மெர்சே சபையார் அறிந்திருந்தார்கள். கூலி, விலை என்னும் பழைய பொருளும், இரக்கம் என்னும் புதிய பொருளும் இந்த ஒரே சொல்லில் மீண்டும் கைகோத்தன.

மாதாவின் பெயர் மகளின் பெயராதல்

சபையார் தங்கள் பாதுகாவலியை 'மெர்சே மாதா' என்று வணங்கினர். கடற்கரைக்கு அருகே எழுந்த அவர்களின் கோவிலுக்கு 1361-ஆம் ஆண்டில் பெரெ மொராகெஸ் என்னும் சிற்பி மரத்தில் செதுக்கிய மாதா சுரூபம் இன்றும் அங்கே வணங்கப்படுகிறது. இச்சபையின் வழியில் நடந்த முதல் பெண்மணி பார்சலோனாவைச் சேர்ந்த புனித மரியா தெ செர்வெல்யோ. 1290-இல் மரித்த அவரை மாலுமிகள் ஆபத்தில் கூவியழைத்தனர். கையில் ஒரு கப்பலோடு அவரைச் சித்தரிப்பது வழக்கம்.

பார்சலோனாவின் பழைய பாதுகாவலி புனித எவுலாலியா என்னும் இளம் வேதசாட்சி. 1687-ஆம் ஆண்டு வெட்டுக்கிளிப் படை கத்தலோனிய வயல்களை அழித்தபோது, நகர சபையார் மெர்சே மாதாவிடம் நேர்ந்துகொண்டு, அவரை நகரின் பாதுகாவலியாக ஏற்றனர். 1868-இல் பாப்பரசர் 9-ஆம் பத்திநாதர் இதனை உறுதிப்படுத்தினார். செப்டம்பர் 24 மெர்சே மாதா திருநாள். அன்று மழை பெய்தால், "பாதுகாவலிப் பட்டம் கைமாறியதை எண்ணி எவுலாலியா அழுகிறாள்" என்று பார்சலோனா மக்கள் இன்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு! இத்திருநாளை 1696-இல் பாப்பரசர் 12-ஆம் இன்னொசென்சியார் அகிலத் திருச்சபைக்கும் விரித்தார். 1969-ஆம் ஆண்டு வழிபாட்டு நாட்காட்டி சீர்திருத்தப்பட்ட பின், அதனை உரிய இடங்களில் மட்டும் கொண்டாடுகிறோம்.

ஸ்பெயின் நாட்டில் பெண் மக்களுக்கு மாதாவின் பட்டங்களையே பெயராகச் சூட்டுவது நெடுநாள் வழக்கம். வியாகுல மாதாவின் பெயரால் தொலோரெஸ். செபமாலை மாதாவின் பெயரால் ரொசாரியோ. அவ்வாறே மெர்சே மாதாவின் பெயரால் மரியா தெ லா மெர்சே. ஞானஸ்நானத்தில் நீளமாக இட்ட பெயர் வீட்டில் சுருங்கி மெர்சே என்றாயிற்று. இதன் ஸ்பானிய வடிவம் பன்மையில் அமைந்தது: மெர்ஸேதெஸ், அதாவது 'தயவுகள்'. செப்டம்பர் 24 அன்று பார்சலோனாத் தெருக்களில் ஆள்மேல் ஆள் ஏறி மனிதக் கோபுரம் கட்டுவார்கள். இராட்சத உருவங்கள் ஆடிவரும். அதே நாளில் வீட்டிலிருக்கும் மெர்சேக்களுக்கு உற்றார் நாமத் திருநாள் வாழ்த்துச் சொல்வார்கள்.

மெர்சிடிஸ் என்றதும் நம் இளைஞர்களுக்கு மாதா நினைவு வருவதில்லை. மோட்டார் வண்டிதான் நினைவுக்கு வரும். அந்த வண்டிக்கும் இதே பெயர்தான். எமில் எல்லினெக் என்னும் யூத குலத்து வணிகர், 1889-இல் வியன்னாவில் பிறந்த தம் மகள் மெர்சிடிஸின் பெயரை, தாம் வாங்கி விற்ற தைம்லர் வண்டிகளுக்கு 1900-ஆம் ஆண்டை ஒட்டிச் சூட்டினார். கைதிகளின் மாதா கொடுத்த பெயர் கோடீசுவரர்களின் வண்டியில் ஏறிற்று.

பெயரையே சிறை வைத்த காலம்

கைதிகளை மீட்ட இந்தப் பெயர் தானே சிறைப்பட்ட காலமும் ஒன்று உண்டு. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் மெர்சே மாதா கோவில் தீக்கிரையாயிற்று. திருச்சபைக்கு எதிரான வெறி ஒருபுறம். போரில் வென்ற தளபதி பிராங்கோவின் ஆட்சி மறுபுறம். திருச்சபையின் காவலன் தானே என்று சொல்லிக்கொண்ட அந்த ஆட்சி, 1938-ஆம் ஆண்டு மே மாதத்து ஆணை ஒன்றின் மூலம், ஸ்பானியர்களின் பெயர்கள் காஸ்தீலிய மொழியிலேயே அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று விதித்தது. அதன் பின் கத்தலோனியாவில் பிறந்த பெண் குழந்தை வீட்டில் மெர்சே, ஏட்டில் மெர்ஸேதெஸ். தாய் கூப்பிட்ட பெயர் ஒன்று. பள்ளி ஆசிரியர் வாசித்த பெயர் மற்றொன்று.

இதிலுள்ள முரணைக் கவனியுங்கள். 1939-ஆம் ஆண்டில் அதே ஆட்சிதான் மெர்சே மாதாவைச் சிறைச்சாலைகளின் பாதுகாவலியாக அறிவித்தது. அன்று அந்தச் சிறைகள் தோற்றுப்போனவர்களால் நிரம்பி வழிந்தன. மாதாவின் படத்தைச் சிறைச் சுவரில் மாட்டினார்கள். மாதாவின் பெயரை அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்களது மொழியில் எழுத மறுத்தார்கள். பிராங்கோ 1975-இல் மரித்தார். 1977-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த சட்டத் திருத்தம், ஸ்பெயின் நாட்டின் ஏனைய மொழிகளிலும் பெயரைப் பதிவு செய்ய வழி திறந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மெர்சே தன் பெயரைத் திரும்பப் பெற்றாள்.

இப்பெயர் தாங்கியவர்களில் தலைசிறந்தவர் நாவலாசிரியை மெர்சே ரொதொரேதா. 1908-இல் பார்சலோனாவில் பிறந்த அவர், 1939-இல் நாட்டை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகள் பிரான்சிலும் ஜெனீவாவிலும் வாழ்ந்தார். கத்தலான் மொழியில் அவர் எழுதி 1962-இல் வெளியான நாவலின் பெயர் 'வைரச் சதுக்கம்' என்று பொருள்படும். அதன் நாயகி நத்தாலியாவைக் காதலித்து மணப்பவன் அவளைச் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. 'சிறு புறா' என்ற பொருளில் கொலொமேத்தா என்று தானே ஒரு பெயரிட்டு அழைக்கிறான். நத்தாலியா மெல்ல மெல்லத் தன்னையே தொலைக்கிறாள். ஒருவரின் பெயரை எடுத்துக் கொள்வது அவரையே எடுத்துக் கொள்வதாகும் என்று அதைப் படிக்கும்போது தோன்றுகிறது. ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று, "இப்பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று முதலில் கேட்கும் நமக்கு இது புரியாததன்று.

மறைக்கலாகாத பக்கம்

யூபிலி ஆண்டு மனச்சோதனையின் ஆண்டும் ஆகையால், ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். மெர்சே சபையார் கிறிஸ்தவக் கைதிகளை மீட்டு வந்த அதே பார்சலோனாவில், முஸ்லிம் அடிமைகள் விலைக்கு வாங்கப்பட்டதற்கும் விற்கப்பட்டதற்கும் அந்நகரப் பழம் பத்திரங்களே சாட்சி. அக்கரையில் அழுத தாயின் குரல் இக்கரையில் கேட்கவில்லை. நம்மவர் பிடிபட்டால் கொடுமை, பிறர் பிடிபட்டால் வியாபாரம் என்று எண்ணினார்கள்.

2018-ஆம் ஆண்டு மெர்சே சபையின் 800-ஆம் யூபிலி. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், மெர்சே கோவிலுக்குச் சற்றுத் தொலைவில், துறைமுகத்தை அடுத்த சதுக்கத்தில் நெடுங்காலம் நின்ற அந்தோனியோ லோப்பெஸ் என்னும் செல்வரின் சிலையைப் பார்சலோனா நகராட்சி அகற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் கியூபாவில் அடிமை வியாபாரத்தில் ஈடுபட்டவர் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். இரக்கத்தின் நகரம் தன் கணக்குப் புத்தகத்தை மறுபடி திறந்து பார்க்க 800 ஆண்டுகள் ஆயின. இதனால் பெயரின் மதிப்புக் குறைவதில்லை. அதைத் தாங்குவோரின் கடமை கூடுகிறது.

நம் கடலோரத்தில் மெர்சே

மெர்சே மாதா பக்தி போர்த்துக்கீசியர் வழியாக நம் பக்கத்துக் கடற்கரைக்கும் வந்தது. கொச்சிக்கு எதிரே உள்ள வல்லார்பாடத்தில் 1524-ஆம் ஆண்டு எழுந்த ஆலயத்தில் அவர்கள் இம்மாதாவின் படத்தை நிறுவினார்கள். 1752-இல் புயலில் படகு கவிழ்ந்து காயலில் மூழ்கிய மீனாட்சியம்மா என்னும் பெண்ணும் அவள் குழந்தையும், மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டனர் என்பது அவ்வூர்ப் பாரம்பரியம். அவள் தன் எஞ்சிய நாளெல்லாம் மாதாவின் அடிமையாகக் கோவில் முற்றத்தைப் பெருக்கி வாழ்ந்தாளாம். இன்றும் பக்தர்கள் அங்கே துடைப்பம் எடுத்து முற்றம் பெருக்குகிறார்கள். விலை கொடுத்து மீட்கப்பட்டவள் விருப்பத்தோடு அடிமையானாள். இதைவிட அழகாக மெர்சே என்னும் சொல்லுக்கு எவர் உரை எழுத முடியும்?

கன்னியாகுமரியில் முக்கடல் கூடும் இடத்துக்கு அருகே ஓங்கி நிற்கும் அலங்கார உபகார மாதா ஆலயமும் கைதிகளை மீட்கும் இந்த மாதாவின் பெயரால் அமைந்ததே. உபகாரம்! கைம்மாறு கருதாத தயவு. மெர்சே என்னும் சொல்லின் பொருளை இதனினும் பொருத்தமாகத் தாங்கும் தமிழ்ச் சொல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இன்று பார்சலோனாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு மெர்சே என்னும் பெயர் முன்போல் அதிகம் சூட்டப்படுவதில்லை. அது பெரும்பாலும் தாய்மாரின், பாட்டிமாரின் பெயராகி வருகிறது. பெயர்கள் வரும், போகும். ஆனால் கைதிகள் தீர்ந்தபாடில்லை. நம் நாட்டில் கொத்தடிமை முறையைச் சட்டம் 1976-இல் ஒழித்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காகச் சூளையிலும் ஆலையிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடப்போர் சட்டத்துக்குப் பின்னும் உண்டு. கந்துவட்டியில் மூழ்கியவர், குடியில் மூழ்கியவர், எல்லை தாண்டினார் என்று அயல்நாட்டுச் சிறையில் அடைபட்ட மீனவர், அவர் வரவுக்காகக் கரையில் காத்து நிற்கும் மனைவி மக்கள்: இவர்களுக்காக "ஐயோ, பாவம்" என்று சொல்வது எளிது. மெர்சே கேட்பது அதுவன்று. உன் கையிலிருந்து என்ன கொடுத்தாய் என்று கேட்கிறாள்.

பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, விருந்துக்கு அழைக்க வந்த பாட்டியம்மாவிடம் இக்கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்க அப்பா வாங்கின கடனுக்கு எங்க அம்மாதான் சாமி பத்து வருஷம் அடுத்தவங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சுச்சு. பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றார்.

பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயரை எழுதும்போது என் கை வழக்கத்தைவிடச் சற்று மெதுவாகவே நகர்ந்தது. இந்த யூபிலி ஆண்டில், நம் பங்கின் ஒவ்வொரு மெர்சியும் தன் பெயருக்குரிய விலையை அறிவாளாக. அப்பெயர் இல்லாத நாமும், ஒருவரையேனும் கட்டவிழ்த்து மீட்ட பின்னரே அடுத்த யூபிலியைக் காண்போமாக. மீட்பின் அன்னை நமக்காக மன்றாடுவாராக!